'படித்துப் பார்த்தேன்' என்று நான் போட்ட கையெழுத்து

நாடு சுதந்திரம் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகிற ரோட்டில் மூன்று மைல் போய், அங்கிருந்து வண்டிப்பாதையில் கொஞ்சம் உள்ளே இறங்கினால் வருகிற ஊர். அங்கே வாழ்க்கைப்பட்டு வந்து எனக்கு இரண்டு வருஷம். வயசு இருபதோ இருபத்தொன்றோ, எங்கள் காலத்தில் அதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்? இன்றைக்கு அந்த ரோட்டில் கண்ணுக்கெட்டின தூரம் கம்பெனிச் சுவர்தான். அன்றைக்கு இரண்டு பக்கமும் ராகியும் அவரையும். காலையில் பனி இறங்கிவிட்டால் பக்கத்துக் கொல்லையில் நிற்கிற மாடு தெரியாது.

வீட்டில் மாமனார், மாமியார், நான், என் நாத்தனார், நாலு பேர். என் வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் மில் வேலை. மாசத்துக்கு ஒரு தரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார். நாத்தனாருக்குப் பதினாலு வயசு. பாப்பா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஓசூர் ஹைஸ்கூலில் நாலாவது ஃபாரம் படித்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு என்கிறார்களே, அதுதான். எங்கள் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரே பெண் அவள். பக்கத்து ஊரிலிருந்து கீழ் வகுப்புப் படிக்கிற சின்னப் பெண்கள் இரண்டு பேர் வருவார்கள். அவர்களோடு சேர்ந்து நடந்தே போய் நடந்தே வருவாள்.

அவளை அங்கே அனுப்பினது மாமனாருடைய பிடிவாதம். மாமியாருக்கு இஷ்டமில்லை. தளியில் மாமியாருடைய அண்ணன் மகன் இருந்தான். பொண்ணு பெரியவளாகிவிட்டது, இன்னும் என்ன படிப்பு என்று அங்கிருந்து வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லி அனுப்புவார்கள். மாமனார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, படிக்கிற வரைக்கும் படிக்கட்டும் என்பார். ஒரு சின்னக் காரணம் கிடைத்தால் போதும், அந்தப் படிப்பு நின்றுவிடும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பாப்பாவுக்கும் தெரியும்.

அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பிள்ளைகளின் வீடுகள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. பெற்றவர்கள் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர்கள். மணி எப்போது அடிக்கிறது, எந்தக் கிழமை டிரில், வெயில் காலத்தில் காலைப் பள்ளிக்கூடம் என்றைக்கு ஆரம்பம், தையல் கிளாசுக்கு என்ன துணி கொண்டுவர வேண்டும், எதுவும் வீட்டுக்குத் தெரியாது. அதனால் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் இதையெல்லாம் குமாஸ்தாவை விட்டு ஒரு சீட்டில் எழுதவைத்து வீட்டுக்கு வீடு அனுப்புவார். அடியில் 'படித்துப் பார்த்தேன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். வீட்டில் யாராவது பெரியவர்கள் அந்தக் கோட்டின்மேல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். திங்கட்கிழமை சீட்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்விட வேண்டும்.

பிள்ளையே தன் சீட்டைப் படித்துக் காட்டக் கூடாது என்பது எங்கள் மாமனார் போட்ட சட்டம். காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் ஒருத்தன் தன் சீட்டைத் தானே படித்துக் காட்டி, வாரத்தில் இரண்டு நாள் லீவு என்று அதில் எழுதாததை அவனே சேர்த்துச் சொல்லி, மாந்தோப்பில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தான். அது வெளியில் வந்த அன்றைக்கு மாமனார், திருடன் கையில் யாராவது சாவியைக் கொடுப்பார்களா, எங்க ஊட்டுல என் மருமக படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பா, பொண்ணு மூணாவது வரைக்கும் படிச்சிருக்குது என்றார். அது பொய்யில்லை. உத்தனப்பள்ளி பக்கம் எங்கள் ஊரில் நான் மூணாவது வரைக்கும் போனவள்தான். பஸ்ஸில் எழுதின பெயர், காலண்டர், தீப்பெட்டி மேலே போட்டிருப்பது, எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். என் கையெழுத்தை முத்து முத்தாகப் போடுவேன். அச்சு எழுத்தோடு எனக்குப் பழக்கம் உண்டு. கையால் எழுதினது வேறே. அதிலும் அந்தப் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தாவின் எழுத்து பந்தலில் படர்ந்த அவரைக்கொடி மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். எது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று எனக்குப் பிடிபடாது.

முதல் சீட்டு வந்த அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் மாமனார் சந்தையெல்லாம், என் மருமக படிச்சவ என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். எங்கள் தெருவில் மருமகள்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். எழுத்துத் தெரிந்தவள் என்கிற பேர் எனக்கு மட்டும். தண்ணிக்குப் போகிற இடத்தில் வயசில் மூத்தவர்கள்கூட எனக்கு வழிவிடுவார்கள். அந்தப் பேரை விட எனக்கு மனசு வரவில்லை.

அதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். சீட்டு வருகிற சாயங்காலம், அவரைக்காய் உரித்துக்கொண்டே பாப்பாவிடம் பேச்சுக் கொடுப்பேன். பள்ளிக்கூடத்தில் என்ன விசேஷம், வாத்தியார் புதுசாக என்ன சொன்னார், எப்போது லீவு என்று கேட்டால் அவள் எல்லாவற்றையும் கொட்டுவாள். சாப்பிட்டு முடித்ததும் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டை விரித்துப் பிடித்து, அவள் சொன்னதையே கொஞ்சம் புஸ்தகத் தமிழாக்கிச் சொல்லிவிடுவேன். மாமனார் ஊம் கொட்டிக் கேட்பார். கடைசியில் கோட்டின்மேல் என் கையெழுத்து. ஒன்றரை வருஷம் ஒரு குறையும் வரவில்லை.

அந்தக் கார்த்திகை மாசம்தான் குறை வந்தது. வெள்ளிக்கிழமை. தளியிலிருந்து மாமியாருடைய அண்ணனும் அவர் சம்சாரமும் வந்திருந்தார்கள். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியிலேயே, கொல்லையில் நின்றுகொண்டிருந்த மாமனார் கையில் சீட்டைக் கொடுத்துவிட்டு, வீட்டில் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போய்விட்டாள். மாமனார் வந்ததும் வராததுமாக விருந்தாளிகள் முன்னால் அதை என்னிடம் நீட்டி, படிம்மா, இவங்களுந்தான் கேக்கட்டும் என்றார். என்னைக் காட்டிக்கொள்வதில் அவருக்கு அவ்வளவு ஆசை.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். நாலு வரி. ஒன்றும் பிடிபடவில்லை. வாய் மட்டும் தானாகப் பேசியது. பிள்ளைகள் நகம் வெட்டி வர வேண்டும், தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி வர வேண்டும், முதல் மணிக்கு முன்னாலேயே வந்து சேர வேண்டும் என்று சொன்னேன். எந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இதைச் சொல்ல மாட்டார்கள்? தளிக்காரர் கன்னடத்தில், பரவாகில்ல என்று தலையாட்டினார். மாமனார் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அன்று ராத்திரியே பாப்பாவைத் தனியாகக் கேட்டிருக்கலாம். வந்தவர்களுக்குக் களி கிண்டுகிற மும்முரத்தில் கேட்கவில்லை. சனியும் ஞாயிறும் இருந்தது, அப்போதும் கேட்கவில்லை. இத்தனை நாள் நடந்தது இனியும் நடக்கும் என்கிற மிதப்பு. திங்கட்கிழமை சீட்டு போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மாடு வீடு திரும்புகிற நேரம். எப்போதும் மாட்டுக்கு முன்னால் வந்துவிடுகிற பெண் வரவில்லை. மாட்டைக் கட்டினோம், பால் கறந்தோம், அப்போதும் வரவில்லை. மாமனார் பக்கத்து ஊருக்கு ஓடி அந்தச் சின்னப் பெண்களைக் கேட்டார். அக்கா அங்கேயே இருந்துட்டாங்க, நாங்க மட்டும் வந்துட்டோம் என்றார்களாம். கார்த்திகை மாசத்தில் பொழுது எவ்வளவு சீக்கிரம் போகும் என்று சொல்ல வேண்டாம். விளக்கு வைத்தாகிவிட்டது. மாமனார் அப்படியே ரோட்டுக்குப் போனார். மாமியார் வாசலில் உட்கார்ந்து, எங்கண்ணன் சொன்னப்பவே கேட்டிருந்தா எனக்கு இந்தக் கதி வருமா என்று ஆரம்பித்தார். அக்கம்பக்கத்துக்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

மாமனாருக்குப் பின்னால் பாப்பா புஸ்தகங்களை அணைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. எதற்கு இந்தக் கூட்டம் என்கிற திகைப்புத்தான் இருந்தது. இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று மாமனார் குரலை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஸ்பெஷல் கிளாஸுப்பா. செவ்வாயும் வியாழனும் கடைசி மணிக்கு மேல ஒரு மணி நேரம் ஹெட்மாஸ்டரே கணக்கு நடத்தறாரு. நாலாவது ஃபாரத்துக்கு மட்டும். அதான் சீட்டுல எழுதியிருந்துச்சே."

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. மாமனார் என்னைப் பார்த்து, "ஏம்மா, சீட்டுல இருந்துதா?" என்றார்.

இருந்தது என்று சொன்னால், பின்னே ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்பார். எனக்கு அந்த எழுத்து தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. தெருவே நிற்கிறது. தண்ணிக்குப் போகிற இடத்தில் எனக்கு வழிவிடுகிறவர்களும் நிற்கிறார்கள். அப்படி ஒண்ணும் இல்லீங்க மாமா என்று சொல்லிவிட்டேன்.

பாப்பா என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. "நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க அண்ணி" என்றாள். அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். மறந்துவிட்டேன் என்று நான் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஒரு திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். நானோ இன்னும் ஒரு படி மேலே போய், இல்லவே இல்லை, நாந்தானே படிச்சேன் என்றேன். சீட்டு அங்கே இருந்திருந்தால் வேறு யாரிடமாவது காட்டியிருப்பார்கள். அது பள்ளிக்கூடத்தில் இருந்தது, என் கையெழுத்தோடு.

அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. மாமனார் அடிக்கவில்லை, திட்டவில்லை. நாளையிலிருந்து போக வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாளே மாமியார் தளிக்கு ஆள் அனுப்பினார். தை பிறந்ததும் நிச்சயம் என்று பேச்சாகிவிட்டது.

புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாள். பாப்பா சொன்ன வேலையெல்லாம் செய்தாள். சாணி அள்ளினாள், தண்ணி கொண்டுவந்தாள், என்னோடு உட்கார்ந்து ராகி புடைத்தாள். என்னிடம் முகம் திருப்பவும் இல்லை. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. ஆனால் அவள் உள்ளுக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. புடைத்துக்கொண்டிருக்கும்போதே முறம் ஒரு கணம் நிற்கும். இப்ப ரெண்டாவது பெல் என்பாள், யாருக்கும் இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து, இப்ப சரித்திரம் முடிஞ்சு பூகோளம் என்பாள். வியாழக்கிழமை பொழுது இறங்குகிற நேரம், மாட்டுத் தொட்டியில் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்பெஷல் கிளாஸ் நடக்கிற நேரம் என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவரைக்காய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். தெரிந்தவள் ஒருத்தியிடம் கூடையை விட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதற்கு முன்னால் அந்த வாசலை நான் மிதித்ததில்லை. பெரிய வேப்பமரம், கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. அதுதான் மணி. வராந்தாவில் ஒரு பியூன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு உள்ளே அழைத்துப் போனார்.

ஹெட்மாஸ்டர் வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்டிருந்தார். யார் வீடு என்று சொன்னதும், அவர் கேட்ட முதல் கேள்வியே பாப்பா ஏன் மூன்று நாளாக வரவில்லை என்பதுதான். நேரமாகி வந்ததால் நிறுத்திவிட்டார்கள் என்றேன். சீட்டு அனுப்பினோமே என்றார். அலமாரியைத் திறந்து, சணலால் கட்டின ஒரு கட்டை எடுத்தார். வீடு வீடாக அத்தனை சீட்டும் அதில் இருந்தது. எங்கள் சீட்டைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்தக் கொடி எழுத்துக்குக் கீழே என் கையெழுத்து ஒன்றுதான் தெளிவாக, அழகாக இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

அவர் அந்த நாலு வரியையும் வாய்விட்டுப் படித்தார். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் நாலாவது ஃபாரத்துக்கு மாலை ஐந்து மணி வரை கணக்கு வகுப்பு நடக்கும், தூரத்திலிருந்து வருகிற பெண் பிள்ளைகளை அழைத்துப் போக வீட்டிலிருந்து யாராவது வருவது நல்லது, அதற்கு வசதி இல்லாதவர்கள் சொல்லி அனுப்பினால் வேறு ஏற்பாடு செய்யப்படும் என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் யோசித்து எழுதியிருந்தார் மனுஷர்.

இதை வீட்டில் படித்துச் சொன்னது யார் என்று கேட்டார். நாந்தாங்க என்றேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். ஆனால் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எங்க குமாஸ்தா எழுத்து எனக்கே பாதி நாள் வெளங்காதும்மா என்றார். நாளைக்குச் சாயங்காலம் நானே உங்க ஊட்டுக்கு வரேன், தப்பு எங்க பேர்ல இருக்கட்டும், பொண்ணு வந்தா போதும் என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். என் பேர் கெடாமல் காரியம் ஆகப்போகிறது என்கிற சந்தோஷம்.

சொன்னபடி சனிக்கிழமை சைக்கிளில் வந்தார். மாமனார் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரவைத்து, மோர் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டு நான் கதவோரமாக நின்றேன். பாப்பா மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்றாள். ஹெட்மாஸ்டர் மெதுவாக ஆரம்பித்தார். ஸ்பெஷல் கிளாஸ் நிஜம், பெண் சொன்னது அத்தனையும் நிஜம், சீட்டில் அது விளங்குகிற மாதிரி எழுதப்படவில்லை, தப்பு பள்ளிக்கூடத்தின்மேல் என்றார்.

மாமனார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பெண் பொய் சொல்லவில்லை என்றதும் முகம் கொஞ்சம் இளகியது. நான் மூச்சு விட்டேன். ஆனால் அவர் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"நீங்க பெரியவங்க, தேடி வந்து தப்புன்னு சொன்னீங்க. அது உங்க பெருந்தன்மை. ஆனா சாமி, நான் உங்க பள்ளிக்கூடத்தைப் பார்த்தா பொண்ணை அனுப்பினேன்? உங்க சீட்டை நம்பித்தான் அனுப்பினேன். அதுவே சரியில்லைன்னா, மூணு மைலுக்கு அந்தாண்ட என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேணாம். அது ஊட்டுலயே இருக்கட்டும்."

ஹெட்மாஸ்டர் மோர்ச் சொம்பைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்காகச் சொன்ன வார்த்தையே அவரைக் கட்டிப்போட்டுவிட்டது. அப்போதும் அவர் கதவுப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கொட்டகையில் பாப்பா கன்றுக்குட்டியின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

அவர் போய்விட்டால் அதோடு முடிந்தது. எப்படி வெளியில் வந்து நின்றேன் என்று தெரியவில்லை.

"மாமா, சீட்டு சரியாத்தான் இருந்துது. எனக்குத்தான் அந்த எழுத்து படிக்க வராது. ஒரு நாளும் படிச்சதில்ல. பாப்பாகிட்டயே கேட்டுக் கேட்டு உங்ககிட்ட சொல்லுவேன்."

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். அப்ப அந்தப் பாலு என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வருஷம் பாப்பா மெலிந்து போயிருந்தாள். வீட்டுப் பால் அத்தனையும் வெளியில் போய்க்கொண்டிருந்தது. அப்போது நான் ஒரு சீட்டில், பிள்ளைகள் காலையில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு வர வேண்டும் என்று நானாகச் சேர்த்துப் படித்துவிட்டேன். அதிலிருந்து மாமியார் தினமும் முணுமுணுத்துக்கொண்டே ஒரு டம்ளர் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அதுவும் சீட்டில் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். கவர்மெண்டு உத்தரவுன்னு நெனச்சு இல்ல நான் ஊத்தினேன் என்றார் மாமியார். ஹெட்மாஸ்டர் குனிந்தபடியே, அது நான் எழுதியிருக்க வேண்டியதுதாம்மா என்றார்.

மாமனார் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே, "சந்தையெல்லாம் சொல்லிட்டேனேம்மா" என்றார். அவ்வளவுதான். அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பாமலே ஹெட்மாஸ்டரிடம் பேசினார். மணி எத்தனை தடவை அடிக்கிறது, எந்த நாளில் எத்தனை மணிக்கு விடுகிறது, டிரில் என்றைக்கு, சனிக்கிழமை உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விரல் மடக்கி மடக்கித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். மூன்று வருஷமாக மகளை அனுப்புகிறவர், அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தின் ஒரு நாளை முழுசாகத் தெரிந்துகொண்டார். எல்லாம் முடிந்ததும், திங்கட்கிழமை பொண்ணு வருங்க என்றார். பிறகு என்னிடம், செவ்வாயும் வியாழனும் நீயே ரோட்டுக்குப் போய்க் கூட்டிக்கிட்டு வரணும் என்றார். தளிக்கு மறுபடி ஒரு ஆள் போனது, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்ல.

தண்டனையாகத்தான் அதைச் சொன்னார். ஆனால் என் வாழ்க்கையில் அந்தச் சாயங்காலங்களைப் போல எதுவும் இனிமையாக இல்லை. வேலையை முடித்து ரோட்டில் பாதி தூரம் நடந்துபோய்ப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருப்பேன். ராயக்கோட்டைப் பக்கம் போகிற லாரி ஒன்றிரண்டு போகும். குளிர்காற்று ராகித் தாள் வாசனையோடு வரும். தூரத்தில் அவள் தாவணி தெரிந்ததும் எழுந்து நிற்பேன். முதல் நாளே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"உங்களுக்கு அந்த எழுத்து வராதுன்னு எனக்கு எப்பவோ தெரியும் அண்ணி. சீட்டு வர்ற அன்னிக்கு மட்டுந்தானே எங்கிட்ட அவ்வளவு ஆசையாப் பேசுவீங்க. அந்தத் தரம் நீங்க கேக்கலையா, வந்திருந்த தளி மாமாவே படிச்சுச் சொல்லிட்டாருன்னு நெனச்சுட்டேன்."

பின்னே அன்றைக்கே ஏன் எல்லார் முன்னாலும் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன் என்றாள். பதினாலு வயசுப் பெண். நான் அவள் புஸ்தகங்களை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அடுத்த சீட்டு வந்தது. கொடி மாதிரி எழுத்து இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அச்சில் போட்ட மாதிரி பெரிசாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் வந்ததாகப் பாப்பா சொன்னாள். யாருக்காக என்று ஹெட்மாஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை. மாமனார் பழைய மாதிரியே அதை என்னிடம் நீட்டினார். இனிமேல் என்னிடம் கொடுக்க மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். வாங்கிக்கொண்டு விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வரியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவர் ஒரு வெற்றிலை போட்டு மென்றே முடித்துவிட்டார். மாமியார் கொட்டாவி விட்டார். நான் தடுமாறி நிறுத்தினபோது மாமனார், மெதுவாப் படிம்மா, எனக்கு என்ன அவசரம் என்றார். அன்றைக்குப் போட்ட கையெழுத்துதான் நான் உண்மையாகப் போட்ட முதல் கையெழுத்து. கொஞ்ச காலத்தில் எழுத்துத் தெரியாத மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் சீட்டை என்னிடம் கொண்டுவந்தார்கள். புரியாத இடம் வந்தால், இது எனக்கு வரலை, பாப்பா வரட்டும் என்று நிறுத்திவிடுவேன்.

பாப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, ஒரு ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தாள். கல்யாணம் அவள் இஷ்டப்பட்டபடி நடந்தது. இப்போது அவள் இல்லை. இருந்தவரைக்கும் வீட்டில் விசேஷம் என்று நாலு பேர் கூடினால் இந்தக் கதையை எடுத்துவிடுவாள். நிறுத்தின அந்த வியாழக்கிழமை ஹெட்மாஸ்டர் வர்க்கமூலம் ஆரம்பித்தாராம். அதனால் அது மட்டும் அவளுக்குக் கடைசிவரைக்கும் வரவே இல்லையாம், எங்க அண்ணி தின்னுட்ட பாடம் அது என்று சொல்லிச் சிரிப்பாள். கூடியிருப்பவர்களும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் தெரியாது என்கிற ஒரு சொல்லை நான் தொண்டையில் வைத்துக்கொண்டு திரிந்த அந்த நாட்களுக்கு விலையாக, ஒரு பெண் தன் படிப்பிலிருந்து மூன்று நாளைப் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள் என்பது, அப்படிச் சிரிக்கிற நேரத்திலும் எனக்கு மறந்ததில்லை.